மடிக்கணினித் திரையின் வரலாறு

மடிக்கணினித் திரை என்பது மடிக்கணினியின் மேல்மூடியின் உட்புறத்தில் பொருத்தப்பட்டுள்ள தட்டையான காட்சிப் பகுதி ஆகும். பயன்படுத்துபவர் கணினியில் செலவிடும் நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். பல மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்டலாம், சேமிப்பகத்தை மாற்றலாம். திரை பெரும்பாலும் வாங்கிய நாளில் அமைந்தபடியே கணினியின் ஆயுள் முழுவதும் இருந்துவிடும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகள் கடையில் அருகருகே இருக்கின்றன. செயலி, நினைவகம், வெளித்தோற்றம் எல்லாம் ஒன்றே. விலையில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பல நேரங்களில் திரைதான். விவரக் குறிப்பில் அது ஒரு வரியில், சில நேரங்களில் ஓர் எழுத்தில் மறைந்திருக்கும். இந்த நிலை இன்று தோன்றியதன்று. 1990களின் தொடக்கத்திலேயே வாங்குபவர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டனர்.

நீர்மப் படிகத்தின் கண்டுபிடிப்பு

இன்றைய பெரும்பாலான மடிக்கணினித் திரைகளுக்கு அடிப்படையான நீர்மப் படிகம் ஒரு தாவரவியலாளரின் ஆய்வில் வெளிப்பட்டது. 1888இல் பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரிய அறிஞர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டெரைல் பென்சோயேட் என்னும் பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 145.5 பாகை செல்சியசில் அது கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. இடைப்பட்ட நிலையில் அது நீர்மம்போல் ஓடியது. ஒளியைப் படிகம்போல் கையாண்டது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமன் இதை விரிவாக ஆராய்ந்து நீர்மப் படிகம் என்னும் பெயரை நிலைபெறச் செய்தார்.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் இது ஆய்வகப் புதுமையாகவே இருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் நீர்மப் படிகக் காட்சிக் கருவியை அறிவித்தனர். 1970இன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் ஆகியோர் முறுக்கு அமைப்புக்குக் காப்புரிமை கோரினர். இதுவே பின்னாளில் டிஎன் எனப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர், அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கும் நீர்மப் படிகப் பொருள்களை உருவாக்கினர். அதன் பிறகே கைக்கடிகாரங்களிலும் கணிப்பான்களிலும் இத்திரைகள் பரவின.

முறுக்கு அமைப்பு எளிமையானது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நீர்மப் படிக மூலக்கூறுகள் ஒரு தகட்டிலிருந்து மறுதகடு வரை 90 பாகை முறுக்கிய நிலையில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளி அந்த முறுக்கைப் பின்பற்றித் திரும்பி வெளியேறும். மின்னழுத்தம் தரும்போது முறுக்கு அவிழ்கிறது. மறுபக்க வடிகட்டி ஒளியைத் தடுத்துவிடுகிறது. நீர்மப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளிக்கு அது ஒரு கதவாக மட்டுமே செயல்படுகிறது. திரைகளின் பிற்காலச் சிக்கல்கள் பலவும் இந்தக் கதவு எவ்வளவு விரைவாக, எவ்வளவு முழுமையாக மூடுகிறது என்பதைப் பொறுத்தவை.

மங்கல் திரைகளின் காலம்

1981இல் வெளிவந்த ஆஸ்பர்ன் 1 கணினியில் 5 அங்குலப் படக்குழாய் இருந்தது. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுள்ள அதைத் தூக்கிச் செல்லலாம். மடியில் வைக்க முடியாது. 1982இல் வந்த கிரிட் காம்பஸ், மூடி திறக்கும் இன்றைய வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதன் செம்மஞ்சள் நிற மின்னொளிர்வுத் திரையில் 320×240 புள்ளிகள் இருந்தன. விலை 8,000 டாலருக்கும் மேல் இருந்ததால் அது பொதுமக்களை எட்டவில்லை.

எடையையும் மின்செலவையும் குறைக்க விரும்பியவர்கள் நீர்மப் படிகத்தை நாடினர். 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினி, 8 வரிகளில் வரிக்கு 40 எழுத்துகள் காட்டியது. 1984இல் டேட்டா ஜெனரல் ஒன் என்னும் கணினி, மேசைக் கணினிபோல் 25 வரிகளில் 80 எழுத்துகள் காட்டும் நீர்மப் படிகத் திரையுடன் வந்தது. அதன் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்ற குறை பரவலாக எழுந்தது. 1985இல் வந்த தோஷிபா டி1100 கணினியின் திரையில் 640×200 புள்ளிகள் இருந்தன. இவை போன்ற தொடக்ககால நீர்மப் படிகத் திரைகள் பலவற்றில் பின்னொளி கிடையாது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப மூடியைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

பேசிவ், ஆக்டிவ்: இரு அமைப்புகள்

திரையில் புள்ளிகள் பெருகியபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி மின்கம்பி கொடுக்க இயலாது. எனவே ஒரு தகட்டில் கிடை வரிசைகளாகவும் மறுதகட்டில் நெடு வரிசைகளாகவும் மின்வாய்கள் அமைக்கப்பட்டன. ஒரு கிடை வரிசையும் ஒரு நெடு வரிசையும் சந்திக்கும் இடமே ஒரு புள்ளி. இதற்குப் பேசிவ் மேட்ரிக்ஸ் என்று பெயர்.

இம்முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் அதன் முறை வரும்போது மட்டுமே மின்னழுத்தம் கிடைக்கும். 480 வரிசைகள் உள்ள திரையில், ஒரு சுற்றின் 480இல் ஒரு பங்கு நேரமே ஒரு வரிசைக்கு உரியது. அடுத்த முறை வரும் வரை படம் மறையாமல் இருக்க, மெதுவாக மாறும் நீர்மப் படிகத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. விளைவாக நகரும் உருவம் இழுபட்டது. ஒரு சன்னலின் நிழல் பக்கத்து வரிசைகளில் கோடாகப் படர்ந்தது. சுட்டியை விரைவாக நகர்த்தினால் அதன் அம்புக்குறி திரையில் காணாமல் போய், நின்ற பிறகே மீண்டும் தெரிந்தது. முறுக்கை அதிகரித்த எஸ்டிஎன் அமைப்பும், திரையை மேல் கீழ் என இரு பாதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் இயக்கிய டிஎஸ்டிஎன் அமைப்பும் இக்குறையைக் குறைத்தன, நீக்கவில்லை.

அக்காலத்தின் தடம் ஒன்று இன்றும் உள்ளது. விண்டோஸ் இயங்குதளத்தில், சுட்டி நகரும்போது அதன் பின்னால் வால்போல அம்புக்குறிகளைக் காட்டும் ஒரு வசதி உண்டு. மெதுவான மடிக்கணினித் திரைகளில் சுட்டி தொலைந்துபோகாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

ஆக்டிவ் மேட்ரிக்ஸ் முறையில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கும். வரிசையின் முறை முடிந்த பிறகும் அது மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் வேகமாக மாறும் நீர்மப் படிகத்தைப் பயன்படுத்தலாம். 1972இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடி குழுவினர் இத்தகைய திரையைச் செய்து காட்டினர். 1979இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வால்டர் ஸ்பியர், பீட்டர் லெகோம்பர் ஆகியோரின் குழு, படிக ஒழுங்கற்ற சிலிக்கானால் மென்படல டிரான்சிஸ்டர் செய்ய முடியும் என்று காட்டியது. டிஎஃப்டி என்னும் சுருக்கப் பெயர் இந்த மென்படல டிரான்சிஸ்டரையே குறிக்கிறது.

ஒரே கணினி, இரு திரைகள்

1989இல் ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினியில் ஆக்டிவ் மேட்ரிக்ஸ் திரை இருந்தது. ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையும் மிகுந்த விலையும் அதற்குத் தடையாயின. 1991 அக்டோபரில் அதே நிறுவனம் பவர்புக் வரிசையில் மூன்று மாதிரிகளை வெளியிட்டது. இவற்றுள் 140, 170 இரண்டும் ஒரே உடலமைப்பு கொண்டவை. இரண்டிலும் 640×400 புள்ளிகள் கொண்ட 9.8 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. அளவைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் 140இல் இருந்தது பேசிவ் திரை, 170இல் ஆக்டிவ் திரை. 170இல் செயலியும் வேகமானது என்பதால், கூடுதல் விலையில் திரையின் பங்கு எவ்வளவு என்பதை வாங்குபவர் பிரித்தறிவது கடினமாக இருந்தது.

1993இல் வந்த பவர்புக் 165சி, 180சி என்னும் வண்ணத்திரை மாதிரிகளில் இந்த ஒப்பீடு தெளிவாயிற்று. இரண்டிலும் 33 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரே வகைச் செயலி. 165சி மாதிரியின் திரை ஏறத்தாழ 9 அங்குலம். அது பேசிவ் வகை. 180சி மாதிரியின் திரை 8.4 அங்குலம்; அது ஆக்டிவ் வகை. விலை உயர்ந்த கணினியின் திரையே சிறியது. அளவைக் கொண்டு தரத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த இணை நல்ல சான்று.

ஐபிஎம் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட திங்க்பேட் 700சி கணினியில் 10.4 அங்குல வண்ண டிஎஃப்டி திரை இருந்தது. அக்காலத்தில் அது பெரிய திரை. அந்தக் கணினியின் புகழுக்கு முதன்மைக் காரணமும் அதுவே. ஐபிஎம்மும் தோஷிபாவும் 1989இல் கூட்டாகத் தொடங்கிய டிடிஐ நிறுவனம் அத்திரையை உருவாக்கியது. அடுத்து வந்த திங்க்பேட் வரிசைகளில் பெயரின் இறுதி எழுத்து திரையைக் குறித்தது. 750சி என்றால் வண்ண டிஎஃப்டி; 750சிஎஸ் என்றால் வண்ண டிஎஸ்டிஎன். பெயரின் கடைசியில் வந்த அந்த 'எஸ்' என்னும் ஓர் எழுத்தின் பொருள் தெரிந்தவருக்கு மட்டுமே தாம் எதை வாங்குகிறோம் என்பது தெரிந்தது.

விலை வேறுபாட்டின் காரணம்

640×480 புள்ளிகள் கொண்ட திரையில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. வண்ணத்திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள். ஆகவே 9,21,600 டிரான்சிஸ்டர்கள் தேவை. அவற்றில் சில பழுதானாலும் திரையில் அணையாத புள்ளியோ ஒளிராத புள்ளியோ கண்ணுக்குத் தெரியும். தொடக்ககாலத்தில் செய்யப்பட்ட தகடுகளுள் பெரும்பகுதி கழிக்கப்பட்டது. கழிக்கப்பட்டவற்றின் செலவும் தேறியவற்றின் விலையில் ஏறியது. எத்தனை பழுதுப் புள்ளிகள் வரை ஏற்கலாம் என்பதை வகைப்படுத்த 2001இல் பன்னாட்டுத் தர அமைப்பு ஒரு தனி விதிமுறையையே வெளியிட்டது.

அரசியலும் விலையைப் பாதித்தது. ஆக்டிவ் மேட்ரிக்ஸ் திரைகளின் உற்பத்தியில் ஜப்பானிய நிறுவனங்கள் முன்னணியில் இருந்தன. அவை அடக்க விலைக்கும் குறைவாக விற்கின்றன என்று அமெரிக்கத் திரை உற்பத்தியாளர்கள் முறையிட்டதன்பேரில், 1991இல் அமெரிக்க அரசு அத்திரைகளுக்கு 62.67 விழுக்காடு வரி விதித்தது. தனித் திரைக்கு வரி உண்டு. திரை பொருத்தப்பட்ட முழுக் கணினிக்கு வரி இல்லை. ஆதலால் கணினிகளை வெளிநாட்டில் பொருத்தி இறக்குமதி செய்வதே ஆதாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போட்ட வரி, கணினி பொருத்தும் வேலையை வெளியே தள்ளியது. 1993இல் அந்த வரி நீக்கப்பட்டது.

அதன் பின் கொரியா, தைவான் நாடுகளிலும் தொழிற்சாலைகள் பெருகின. உற்பத்தி முறை தேர்ச்சி பெற்றது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பேசிவ் திரை மடிக்கணினிகளிலிருந்து மறைந்தது. பணக்காரருக்கு மட்டும் உரியதாக இருந்த டிஎஃப்டி, எல்லாருக்கும் உரியதாயிற்று.

கோணமும் நிறமும்

எல்லாத் திரையும் டிஎஃப்டி ஆன பிறகு வேறுபாடு ஒழியவில்லை. உள்ளே இடம் மாறியது. பெரும்பாலான மடிக்கணினிகள் மலிவான டிஎன் திரையையே கொண்டிருந்தன. நேராகப் பார்த்தால் அது நன்றாகவே தெரியும். மேலிருந்து பார்த்தால் வெளுக்கும். கீழிருந்து பார்த்தால் கறுக்கும். வகுப்பறையில் நான்கு மாணவர்கள் ஒரு கணினியைச் சுற்றி அமர்ந்தால், நேரே இருப்பவர் ஒரு படத்தையும் ஓரத்தில் இருப்பவர் வேறொரு படத்தையும் காண்பர்.

இதற்குத் தீர்வாக 1990களின் நடுவில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் ஐபிஎஸ் திரையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் மூலக்கூறுகள் கண்ணாடித் தகட்டுக்கு இணையான தளத்திலேயே சுழல்கின்றன. அதனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. 2000களின் முற்பகுதியில் ஃபிளெக்ஸ்வியூ என்னும் பெயரில் சில திங்க்பேட் மாதிரிகளில் இது கிடைத்தது. பொதுச் சந்தையை அடைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நிறத்துக்கும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1996இல் மைக்ரோசாஃப்ட், எச்பி நிறுவனங்கள் இணைந்து எஸ்ஆர்ஜிபி என்னும் நிற எல்லையை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. மடிக்கணினி விவரக் குறிப்புகளில் இன்றும் பழைய தொலைக்காட்சி அளவுகோலான என்டிஎஸ்சி காணப்படுகிறது. 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது அதில் மூன்றில் இரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 45 என்றிருக்கும் திரையில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். ஐபிஎஸ் என்னும் சொல் இரண்டு திரைகளின் விவரத்திலும் இருக்கலாம். எனவே அதை மட்டும் பார்த்து நிறத் தரத்தை உறுதிசெய்ய இயலாது.

நீள அகல விகிதம்

1990களில் மடிக்கணினித் திரைகளின் நீள அகல விகிதம் பெரும்பாலும் 4:3. 2000களில் 16:10 பரவியது. 2009ஆம் ஆண்டையொட்டித் தொலைக்காட்சியின் 16:9 விகிதம் ஆதிக்கம் பெற்றது. திரையின் அளவு மூலைக்கு மூலை அளக்கப்படுவதால், ஒரே அங்குலக் கணக்கில் பரப்பு மாறுகிறது. 14 அங்குலத் திரையின் பரப்பு, 4:3 விகிதத்தில் ஏறத்தாழ 94 சதுர அங்குலம். 16:10 விகிதத்தில் 88. 16:9 விகிதத்தில் 84. அங்குலம் குறையாமலே திரை குறைந்தது.

1366×768 புள்ளிகள் கொண்ட திரை பல ஆண்டுகள் குறைந்த விலைக் கணினிகளின் அடையாளமாக இருந்தது. அதன் 768 வரிசைகள் 1990களின் 1024×768 திரையிலும் இருந்தவை. திரைப்படம் பார்க்க அகலம் உதவும். பாடம் படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் உயரமே தேவை. பின்னர் 3:2 விகிதத்துடன் 2013இல் குரோம்புக் பிக்சல் வந்தது. 2020ஐ ஒட்டி 16:10 மீண்டும் பரவத் தொடங்கியது.

புள்ளி அடர்த்தியும் தமிழ் எழுத்தும்

2012 சூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் 15 அங்குல மேக்புக் புரோ கணினியை இரு வடிவங்களில் விற்றது. ஒன்றின் அடிப்படைத் திரையில் 1440×900 புள்ளிகள். ரெட்டினா எனப்பட்ட மற்றதில் 2880×1800. அங்குலத்துக்கு 110 புள்ளிகள் என்பது 220 ஆயிற்று. 1993ஆம் ஆண்டின் ஒப்பீடு புதிய வடிவில் மீண்டும் வந்தது.

தமிழ் படிப்பவருக்கு இது முக்கியமானது. ண, ஞ, றை, ணூ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக உள்ளன. மேலே விலங்கும் கீழே உகரக் குறியும் வரும். அச்சில் 12 புள்ளி அளவுள்ள எழுத்துக்கு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு உயரம் உண்டு. அதே உயரத்தில், 1992ஆம் ஆண்டின் 10.4 அங்குலத் திரை 13 வரிசைப் புள்ளிகளைத் தந்தது. 14 அங்குல 1366×768 திரை ஏறத்தாழ 19 தரும். 14 அங்குல 1920×1080 திரை 26 தரும். ரெட்டினா 37 தரும். புள்ளிகள் குறைந்தால் சுழி அடைபடும். மாணவர் எழுத்தைப் பார்த்துப் படிக்காமல் ஊகித்துப் படிக்க நேரும்.

1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் நுட்பம், ஒரு புள்ளியின் மூன்று நிறப் பகுதிகளையும் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பைச் சீராக்கியது. குறைந்த அடர்த்தியுள்ள திரைகளிலும் படிப்பது இதனால் எளிதாயிற்று.

தமிழ்நாட்டில் மடிக்கணினி பரவலாக வீடுகளுக்குள் நுழைந்ததில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதனால் பயன்பெற்றனர். பாடநூலைத் திரையில் படிக்கும் பழக்கம் வளர்ந்த பிறகு, திரையின் தரம் கல்வியோடு தொடர்புடைய செய்தியாகிவிட்டது.

பின்னொளியும் ஓஎல்இடியும்

நீர்மப் படிகத் திரைகளுக்கு நீண்டகாலம் பாதரசம் கொண்ட மெல்லிய குழல்விளக்கே பின்னொளி தந்தது. 2000களின் பிற்பகுதியில் எல்இடி அதன் இடத்தைப் பிடித்தது. திரைகள் மெலிந்தன, மின்செலவு குறைந்தது. திரையின் ஒளிர்வு நிட் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். 250 நிட் திரை அறைக்குள் போதும். சன்னலோரத்தில் அது திணறும்.

ஓஎல்இடி திரைக்குப் பின்னொளியே தேவையில்லை. 1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிவகுத்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும். 2016இல் திங்க்பேட் எக்ஸ்1 யோகா, ஏலியன்வேர் 13 போன்ற மடிக்கணினிகளில் இது கிடைத்தது. இதற்கும் குறைகள் உண்டு. நெடுநேரம் அசையாமல் நிற்கும் உருவம் திரையில் பதிந்துவிடக்கூடும். ஒளிர்வைக் குறைக்கும்போது சில திரைகள் விரைந்து அணைந்து எரிவதால் சிலருக்குக் கண் சோர்வு ஏற்படுகிறது. எனவே விலை உயர்ந்த திரை எல்லாருக்கும் ஏற்றதென்று கொள்ள முடியாது.

வரலாறு தரும் பாடம்

நாற்பது ஆண்டு வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது அங்குலமும் புள்ளிகளின் எண்ணிக்கையும். பவர்புக் 140, 170 மாதிரிகளில் இவை இரண்டும் சமமாகவே இருந்தன. உண்மையான வேறுபாடு வேகம், கோணம், நிறம், ஒளிர்வு ஆகியவற்றில் இருந்தது. அவை சிற்றெழுத்தில் இருந்தன அல்லது இல்லவே இல்லை. இன்றும் ஒரே மாதிரிப் பெயரின் கீழ் இரண்டு மூன்று வகைத் திரைகள் விற்கப்படுகின்றன. மாதிரியின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது, 750சி என்று நினைத்து 750சிஎஸ் வாங்குவதைப் போன்றது.

ஆகவே ஒத்த இரு மாதிரிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு நான்கு விவரங்களைத் தேட வேண்டும்: திரையின் வகை, நிட் அளவு, நிற விழுக்காடு, நீள அகல விகிதம். கடையில் கணினியை இயக்கிப் பார்க்க முடிந்தால், வெள்ளைப் பின்னணியில் சிறிய தமிழ் எழுத்துகளைத் திறந்து நேரிலும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பார்க்கலாம். ஒளிர்வைப் பாதியாகக் குறைத்து மீண்டும் படித்துப் பார்க்கலாம். 1993இல் இரு பவர்புக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு விடை உடனே கிடைத்திருக்கும். இன்றைக்கும் அதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.